அந்தத் தட்டு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கணும்.

உன் கடிதம் வந்தது. தையல் போட்ட இடத்தில் கசிந்த சீழை லேபில் கொடுத்தாய், மூன்றே நாளில் மாத்திரை கேட்கும் என்று ரிசல்ட் வந்துவிட்டது, இனி ஊசியே வேண்டாமாம் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். படித்ததும் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இங்கே வந்து ஆபரேஷன் செய்துகொண்ட அதே ஆஸ்பத்திரியில்தானே உன் அத்தானுக்கும் செய்தார்கள். அவருக்கும் இப்படித்தான் கசிந்தது. அவர் வாய் சும்மா இருக்காதே. லேப் வாசலில் போய் நின்று, கிருமி என்னம்மா பத்து மாசமா சுமக்கப் போகுது, சீக்கிரம் சொல்லுங்க என்று நச்சரித்தார். அவர்களும் மூன்றாம் நாளே பார்த்து, மாத்திரை கேட்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கிருமி வளர்த்த தட்டை வேக வைத்துக் கொட்டிவிட்டார்கள். அன்றைக்கு மாத்திரையை நம்பி ஊசியை நிறுத்தினதுதான்.

அவர் கண்ணை மூடின பிறகு அந்த லேப் பெண் வீட்டுக்கு வந்தாள். தட்டில் சின்னச் சின்னக் குழி இருக்குமாம். மருந்தையும் கிருமியையும் சேர்த்து விடுவார்களாம். குழி தெளிந்திருந்தால் மருந்து கேட்கிறது, கலங்கினால் கிருமி பிழைத்துவிட்டது. இந்தக் கிருமி வேகமாக வளருகிற ஜாதி, மூன்றாம் நாளே பார்த்துவிடலாமாம். ஆனால் இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் முதலில் பம்மிக் கிடந்து, பழகிக்கொண்டு, அப்புறம் தலை தூக்குமாம். இரண்டு வாரம் வைத்துப் பார்க்கணுமாம். அவரிடம் இரண்டாவது தடவை எடுத்த சீழை அப்படி வைத்தாளாம், கலங்கிவிட்டதாம். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லிவிட்டு அழுதாள். நான்தான் தண்ணி கொடுத்தேன்.

உனக்கும் அதே கிருமியோ என்று பயமாக இருக்கிறது. கடிதம் கண்டதும் லேபுக்குப் போ. தட்டைக் கொட்டவில்லை என்றால் இரண்டு வாரம் வைக்கச் சொல். கொட்டியிருந்தால் மறுபடியும் சீழ் கொடு. வலிக்கும், கொடு. அதுவரை ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். படிக்காத அக்கா எழுதினாள் என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நல்ல சேதிக்கு இப்படியா பதில் எழுதுவாள் என்று உனக்குக் கோபம் வரும். உடம்பு தேறி நேரில் வந்து திட்டு. இந்த வீட்டில் இப்போது என்னைத் திட்ட யாரும் இல்லை.

நூறு வயசு இருடி.

உன் அக்கா