வண்டியில் ஒரு ஜெர்க்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள், அப்படியே இருக்கவேண்டும். நாங்கள் இங்கே நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போனது, பிறகு நிறுத்திக்கொண்டேன், அந்த வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். என்னடா இது, வாரம் தவறாமல் போனில் பேசுகிற அம்மா பேனாவைத் தூக்கியிருக்கிறாளே என்று பயந்துவிடாதே. போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். போதாததற்கு, அவனிடம் போனில் எதையும் உளறிவைக்காதே என்று என்னிடம் வாக்கு வேறு வாங்கிவிட்டார். போனில்தானே உளறக் கூடாது.

நம் பள்ளிக்கூட வேனில் ஜெர்க் அடிக்கிறது என்று அப்பா உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கும். நீயும் அங்கே இருந்தபடியே பெரிய மெக்கானிக் மாதிரி கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொன்னாய். மாற்றினார். மறுநாள் காலையில் முதல் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதே வண்டி பழையபடி ஒரு உதறு உதறியது. பிள்ளைகளுக்கு அதில் ஒரே கொண்டாட்டம், எப்போது உதறினாலும் எல்லாருமாகச் சேர்ந்து ஜெர்க் என்று கத்துவார்கள், இன்னும் தன் பெயரையே ஒழுங்காகச் சொல்ல வராத அந்தப் பொடிசு கூடக் கத்தும். நான் எப்போதும்போலக் கதவோரத்தில் நின்று பைகளை வாங்கி வைத்துக்கொண்டே, கத்தாதீங்கடா என்று நானும் கத்துவேன். நம்ம ஸ்பானரை உனக்குத் தெரியுமே, பின்பாக்கெட்டில் ஸ்பானர் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகாத மெக்கானிக், அவன் வண்டியை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றிவந்து, எனக்கு ஒண்ணும் அடிக்கலையேண்ணே, தண்ணி மாதிரி போகுதே என்றான். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம், உனக்குத் தொழில் மறந்துபோச்சுன்னா நேரா சொல்லு, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டிப்போனார். அவன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. புதுப் பட்டறைக்காரரும் எதையெதையோ கழற்றி மாட்டினார், ஜெர்க் போகவில்லை.

நடுவில் நம் குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கி, ஆளைத் தேடி அலுத்துப்போய் நானே வாஷரை வாங்கிவந்து மாற்றினேன், இப்போது சொட்டுக்கூட வருவதில்லை, உன் அம்மாவைச் சாதாரணமாக நினைக்காதே. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தான் ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்ச் மிதிக்கிற அவருடைய இடது கால் வெறும் தரையிலிருந்து சட்டென்று ஒரு தடவை உதறி எழும்பி இறங்கியது. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும். அங்கே கிளட்ச் இல்லை, வண்டி இல்லை, ஒன்றும் இல்லை. நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி திரும்பி உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வேனில் என் கண் பிள்ளைகள் மேல் இல்லை, அவர் கால் மேல்தான். எல்லாம் அந்த ஒரு வார்த்தை செய்த வேலை என்று எனக்குத் தோன்றும். கால் வெட்டி இழுக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். ஜெர்க் என்று சொன்னதும் அது ஏதோ வண்டிச் சாமான் சம்பந்தப்பட்டது, கழற்றி வேறு மாட்டினால் போய்விடும் என்று எல்லாருமே நம்பிவிட்டோம். சொல்லவும் பயம் கண்ணா. ஸ்டியரிங்கை விட்டால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்று உனக்கே தெரியும். ஆனால் போன வாரம் பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்று, அவர் வழக்கம்போல கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருக்க, அந்தப் பொடிசு படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்த நேரத்தில் வண்டி முன்னால் துள்ளி நின்றது. நான் அதன் முதுகுப்பையின் வாரைப் பிடித்துத் தூக்கிவிட்டேன், பிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக் கை வரவில்லை. அது என் கையில் தொங்கிக்கொண்டே ஜெர்க் என்று சிரித்தது.

வண்டி காலியானதும் சொல்லிவிட்டேன். ஜெர்க் வண்டிக்கு இல்லீங்க, உங்க காலுக்கு என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. நேராக ஸ்பானர் கடைக்கு விட்டார், வழி முழுவதும் நடந்து போகிற வேகம்தான். அவனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சாவியை நீட்டி, நீ ஓட்டு, நான் பின்னாடி உட்கார்றேன் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வேனில் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகளுக்கான சீட் அல்லவா, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பானர் நிறுத்தி நிறுத்தி எடுத்தான், மேட்டில் எடுத்தான், பின்னால் எடுத்தான். ஒரு அசைவு இல்லை. நல்லா வச்சிருக்கேடா வண்டிய என்று அவனைப் பாராட்டிவிட்டு இறங்கினார். சாவியைத் திரும்ப வாங்கவே இல்லை. வீட்டுக்கு நடந்தே வந்தோம், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, தெருவில் ஏன் மானத்தை வாங்கறே என்று திட்டினார்.

நரம்பு டாக்டரிடம் காட்டியாயிற்று. அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார், இந்த மாதிரி ஜெர்க் வருவதற்குப் பல காரணம் உண்டாம், ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், முடிவு வந்தால்தான் தெரியும், மாத்திரையில் குறையலாம், அடியோடு போகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வண்டியை மட்டும் தொடவே கூடாதாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு உன் அப்பா, இதுக்கு எதை மாத்தணும் சார் என்றார். டாக்டர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அவர் தமாஷுக்குக் கேட்கவில்லை.

இப்போது ஸ்பானரின் மச்சான் வேனை ஓட்டுகிறான், நல்ல பையன், நிதானமானவன். அப்பா வீட்டில் இருக்கமாட்டேன் என்று என் பக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார், பைகளை அடுக்குகிறார், ஷூ நாடா கட்டிவிடுகிறார். முதல் நாள் வண்டி சத்தமில்லாமல் நகர்ந்ததும் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏன் தாத்தா ஜெர்க் வரல என்று அந்தப் பொடிசு அவரிடமே கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது வண்டியோடது இல்ல கண்ணு, என்னோடது என்றார். கொஞ்ச நேரத்தில் கால் உதறியபோது பார்த்தியா என்று காட்டவும் காட்டினார். பொடிசு அவர் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டது, இறங்கும்வரை எடுக்கவில்லை.

அந்தக் குழந்தையிடம் சொன்னதை அவர் உன்னிடம் சொல்லமாட்டார். நீ கேட்டால் வண்டியைப் பற்றிப் பேசியே நழுவிவிடுவார். அதனால் நீயாகவே, உங்க கால் எப்படிப்பா இருக்கு என்று நேராகக் கேள். கேட்டுவிட்டு உடனே வேனை விற்றுவிடுங்கள் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. வேலை வேலை என்று கண் விழிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளுடைய முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றிப் பார்க்கச் சொல். முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, அவசரம் என்று இல்லை, வந்தால் நன்றாக இருக்கும். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும்.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது அப்பா வந்து எட்டிப்பார்த்தார், யாருக்கு என்று கேட்கவில்லை. வண்டி நல்லா இருக்குன்னு எழுது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதனால் முதலில் நிறுத்திவைத்த வரியை இப்போது எழுதிவிடுகிறேன். நான் நலம். வண்டி நலம். மற்றதை நீ அவரிடமே கேட்டுக்கொள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா