ஆறாவது போருக்குப் பிடித்த தேங்காய்

மாப்ளே,

இன்று காலை எதிர்வீட்டில் தண்ணீருக்குப் போர் போட ஆரம்பித்தார்கள். திருச்செங்கோட்டு மலையையே பெயர்த்து வருகிற சத்தம். பாறைத்தூள் பறந்து வந்து என் டீயில் விழுந்தது. ஊதித் தள்ளாமல் குடித்துவிட்டேன். ஊர் ஊராய்ப் போர் போட்ட உன் புருவத்தில் எந்நேரமும் ஒட்டியிருந்த மாவு அல்லவா? வருகிற ஆடியோடு நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம்.

உலகைக் காக்கப் பிறந்த பேராசிரியனாகிய நான், பொறியியல் மாணவர்களுக்கு வளங்குன்றா வளர்ச்சிப் பாடம் நடத்திய காலம் அது. என் முழக்கத்தில் கொல்லிமலையே கண்ணீர் விடும். வகுப்பு மட்டும் தூங்கும். பத்து மணிக்கு, 'பூமியைச் சுரண்டாதீர்கள்' என்பேன். ஒருநாள் பதினோரு மணிக்கே உள்ளங்கையில் தேங்காயோடு கல்லூரி மைதானத்தில் நடந்தேன். நீரோட்டம் உள்ள இடத்தில் அது எழுந்து நிற்குமாம். விடுதியின் முதல் போர் வற்றிவிட்டது. அடுத்த நான்கில் வெறும் புழுதி. தண்ணீர் இல்லையென்றால் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறாவதற்கு இடம் குறிப்பது என் பொறுப்பு. தேங்காய் நின்றது. கை நடுங்கியதில் நின்றிருக்கலாம்.

மறுநாள், நான் கூப்பிட்டபடி, துளை போடும் ரிக்கு வண்டியோடு நீ வந்தாய். வேடிக்கை பார்க்க என் வகுப்பே கூடியிருந்தது. நீ வண்டியை முடுக்கவில்லை. ஐந்தாவது குழியருகே, துளைக்கும் ராடு ஒவ்வொன்றும் இறங்கியபோது அள்ளி வைத்த தூள் வரிசையாகக் குவிந்து கிடந்தது. மாணவர்களை அங்கே கூட்டிப்போனாய்.

"இதுல ஈரமா ஒரு குவியலக் காட்டுங்க சாமி."

ஒன்றுகூட இல்லை.

"மொட்ட மாடில பேயற மழையெல்லாம் எங்க போவுது?"

"சாக்கடைக்குங்கண்ணா."

"அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பூமிகிட்டத் தண்ணி கேக்கறது? ஆறாவது வேண்டாமுங்க. ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டி, மழைய இந்தக் குழிக்குள்ள உடுங்க."

"அப்ப வண்டி எதுக்குங்கண்ணா வந்துச்சு?" என்றான் ஒருவன்.

தேங்காயோடு நின்ற என்னைப் பார்த்தாய். என் மானம் உன் நாக்கு நுனியில் தொங்கியது.

"உங்க வாத்தியார்தான் பாடத்த நேர்ல காட்டோணும்னு வரச் சொன்னாருங்க."

கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் குனிந்து வணங்கினேன். கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு, பேரையும் எனக்கே கொடுத்துவிட்டு நீ வண்டியைத் திருப்பினாய்.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு, வற்றிய முதல் போர் இருமிக்கொண்டே தண்ணீர் தந்தது. காவிரியே பொங்கிற்று என்று பரமத்தி வேலூர் வரை சொல்லித் திரிந்தேன். உண்மையில் வந்தது காலையில் ஒரு மணி நேரம். விடுதியை மூடாமலிருக்க அது போதுமாயிருந்தது.

என் ஆயுளில் நான் விட்ட புளுகுகளை அடுக்கினால் ஏற்காட்டுக்கு நிழல் விழும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய புளுகு, எனக்காக நீ சொன்னது. இத்தனை வருஷம் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுத் திரிந்தேன்.

இன்று வகுப்பை அந்தக் குழியருகே கூட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அப்ப நீங்க என்னதான் சார் பண்ணீங்க?" என்றாள் ஒருத்தி.

பையிலிருந்து அதே தேங்காயை எடுத்தேன். ஆட்டினால் சத்தமே இல்லை, எப்போதோ வற்றிவிட்டது.

"இதப் புடிச்சுக்கிட்டு நின்னேன் சாமி."

ஒருவர்கூடத் தூங்கவில்லை, மாப்ளே.