ஆடிக் கிருத்திகைக்கு வர வேண்டாம்

திருத்தணி,
ஆடி முதல் வெள்ளி.

அன்புள்ள சௌமியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் இரண்டு விசைத்தறியும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை விடுதிப் போனில் சொன்ன மாதிரி "ம்" என்றுதான் சொல்வாய். பின்னால் அத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது என்னதான் பேச முடியும்? அதனால்தான் உன்னைப் போல நானும் கடிதத்தில் இறங்கிவிட்டேன். பத்தாவது முடித்த பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதே.

உன் கடிதம் வந்தது. முகாமுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்ற இடத்தை உன் நைனா தறியை நிறுத்திவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். கரண்டு போனால் ஒழிய அவர் தறியை நிறுத்துகிற ஆளா? ஒன்பதாவது பிள்ளைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும் மலைக்குக் கூட்டிப் போய், பெரிய தொலைநோக்கியில் வானத்தைக் காட்டி, காலேஜ் புரொபசர்களே பாடம் எடுக்கப் போகிறார்கள். அதில் ஒருத்தி என் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு வசந்தியிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், நூல் கொண்டு வந்து போடுகிறவரையும் நிறுத்திவைத்துச் சொன்னேன்.

அதற்கு அடுத்த வரியில் குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறாய். முகாம் நடக்கிற நாட்களில்தான் ஆடிக் கிருத்திகை வருகிறது, அம்மாவின் வேண்டுதல்தான் முக்கியம், முகாம் வேண்டாமென்று டீச்சரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று.

வேண்டிக்கொண்டது நான்தான். எட்டாவதில் இந்தப் பள்ளிக்கான தேர்வை நீ எழுதிவிட்டு வந்த அன்று, என் பெண் தேறினால் ஆடிக் கிருத்திகைக்கு அவளே காவடி எடுப்பாள் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். தோள் உன்னுடையது, வாக்கு என்னுடையது. அன்றைக்கு நீ என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? பரீட்சை எழுதினது நான், பேப்பர் திருத்தப் போவது சார், நடுவில் முருகனுக்கு என்ன வேலை என்றாய். நான் பதறிப்போய் உனக்காகவும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்படிப்பட்டவளுக்கு இப்போது திடீரென்று பக்தி முற்றிவிட்டதா?

சௌமி, போன மாதம் இரண்டு நாள் லீவுக்கு வந்தபோது நீ வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தாய். வாளி, மக்கு, தட்டு, தலையணை எல்லாம் வந்தது. இரண்டு நாள் லீவுக்கு எந்த விடுதிப் பிள்ளையாவது வாளியைத் தூக்கிக்கொண்டு வருமா? நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. திரும்பிப் போகிற அன்று உன் நைனா அந்த வாளியைத் தேய்த்துக் கழுவி, முறுக்கு டப்பாவை அதில் வைத்து, ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்கும் தெரியும்.

அதனால் யோகலட்சுமி டீச்சருக்கு நானே போன் பண்ணினேன். கோபித்துக்கொள்ளாதே. நீ பேசினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகள் சிரித்தார்களாம். அதிலிருந்து நீ வகுப்பில் வாயே திறப்பதில்லையாம், ராத்திரியில் தூங்குவதும் இல்லையாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தறிவீட்டில் பிறந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? தொட்டிலிலேயே தறிச் சத்தத்துக்கு மேல் அழுதால்தான் உனக்குப் பால் கிடைத்தது. நம் தெருவில் மெதுவாகப் பேசினால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். அங்கே சத்தம் இல்லாததால்தான் உனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைப் பெற்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. பழகிவிடும்.

இந்த இரைச்சலில் உட்கார்ந்து கணக்குப் போட்டவள் நீ. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நைனா, உள்தறில நூலு அறுந்துச்சி" என்பாய். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். உன் புத்தியைப் பார்த்து எத்தனையோ நாள் நான் அசந்து போயிருக்கிறேன். முகத்துக்கு நேரே சொன்னால் கண் பட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்தேன். டீச்சர் இன்னொன்றும் சொன்னார். முகாமுக்கு ஆள் எடுக்க வந்த புரொபசர், நீ துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகளைப் படித்துவிட்டுத்தான் உன் பெயரைச் சேர்த்தாராம். எழுதினதற்கே இப்படி என்றால், நீ வாயைத் திறந்து கேட்டால் அந்த மனிதர் என்ன ஆவாரோ.

உன் நைனா முதலில் குதித்தார். "வேண்டுதல்னா வேண்டுதல்தான், அவளே வந்து எடுக்கட்டும்" என்றார். அவருக்கு உன்னைப் பார்க்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். காலையில் அவரே மலையேறிப் போய்க் குருக்களைக் கேட்டுவிட்டு வந்தார். பெற்றவள் எடுத்தால் போதுமாம். காவடி நான் எடுக்கிறேன். நீ வர வேண்டாம். டீச்சரிடம் சரி என்று சொல், சத்தமாகச் சொல்.

உன் அம்மா,
அம்சா.


திருத்தணி,
ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம்.

என் கண்ணு சௌமியாவுக்கு,

காவடி நல்லபடியாக எடுத்தாயிற்று. மஞ்சள் புடவை கட்டி, வெறுங்காலோடு படியேறினேன். காவடி கனக்கவில்லை, வெயில்தான் கொளுத்தியது. உன் நைனா வழியெல்லாம் என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். பாதிப் படியில் வசந்தி, பெண் எங்கே என்று கேட்டாள். பம்பைச் சத்தத்தில் அவளுக்கு எப்படிக் கேட்கும்? "நட்சத்திரம் பாக்கப் போய்கீறா" என்று நம் தறிக் குரலில் ஒரு போடு போட்டேன். முன்னால் போன காவடியெல்லாம் திரும்பிப் பார்த்தது. உன் நைனா வெட்கப்பட்டார், நான் படவில்லை.

வீட்டுக்கு வந்தால் டீச்சர் போன். விடியற்காலையில் உங்களையெல்லாம் எழுப்பி, தொலைநோக்கியில் கிருத்திகை நட்சத்திரத்தைக் காட்டினார்களாம். அதுவரைக்கும் பேசாமல் இருந்த நீ, "சார், ஆறுன்னு சொல்றாங்க, எண்ணவே முடியலயே" என்று ஒரு கத்துக் கத்தினாயாம். தூங்கி வழிந்த பிள்ளைகளெல்லாம் விழித்துக்கொண்டு எனக்கு எனக்கு என்று ஓடி வந்தார்களாம். அதற்குப் பிறகு உன் கேள்வி நிற்கவே இல்லையாம். புரொபசர் டீயை ஆறவிட்டு உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கிருத்திகைக்கு ஊரே மலையேறியது. அந்தக் கிருத்திகையையே நேரில் பார்த்தவள் நீ ஒருத்திதான். உன் நைனாவிடம் இதைச் சொன்னேன். போய்த் தறியை ஓட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தணிகை முருகன் உன் கூடவே இருப்பான். அவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதே.

காலாண்டுப் பரீட்சை லீவுக்கு வா. தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு வைக்கிறேன், பகலெல்லாம் அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்கு. மாற்றுத்துணி மட்டும் எடுத்துக்கொள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு வா, கண்ணு.

உன் அம்மா,
அம்சா.