கடன் வாங்காதவள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதம் உன் ஆபீசுக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பதறாதே. யோசித்துத்தான் அந்த முகவரி போட்டேன். போனில் என்றால் நீ நாலு வார்த்தையில் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். நானும் "ஒண்ணுமில்லடி" என்று வைத்துவிடுவேன்.

நான் இன்னும் அதே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறேன். ஈரத்துணிப் பக்கத்திலிருந்து இஸ்திரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கை சுட்டாலும் கால் நனைவதில்லை. எனக்கு எதிரே நின்று போர்வையின் மறுமுனையைப் பிடிக்கிறவளை நெட்டையக்கா என்று கூப்பிடுவோம். உன் அப்பாவை விட்டு வந்த அன்றிலிருந்து அவள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தேன். அவள் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று தெரிந்தது. அறையைக் காலி செய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நானே சொல்லிவிட்டேன், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று.

சொன்னது சுலபம். இப்போதெல்லாம் வாடகைக்கு வீடு கொடுக்குமுன் பில், கடன் ஒழுங்காகக் கட்டின கணக்கைப் பார்க்கிறார்களாம். வீட்டுத் தரகர் என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். கெட்ட பேர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கெட்ட பேர் இருந்தாலாவது பேசிப் பார்க்கலாம், உங்களுக்குப் பேரே இல்லை என்றார். யோசித்தால் அவர் சொன்னது சரிதான். கரண்ட் பில், தண்ணீர் பில், காஸ், போன் எல்லாம் உன் அப்பா பேரில். நான் சம்பாதித்து வாங்கிய பிரிட்ஜுக்குக்கூட ரசீது அவர் பேரில்தான். ஒருத்தரிடமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். அதுதான் வம்பு என்றார். கடன் வாங்கிக் கட்டினவளை நம்புவார்களாம், வாங்காதவளை நம்ப மாட்டார்களாம். ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, கொஞ்சமாகச் செலவு செய்து, தவறாமல் கட்டினால் சில மாதத்தில் பேர் வரும் என்று அனுப்பிவைத்தார்.

நெட்டையக்காவிடம் சொன்னபோது போர்வையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்படின்னா நான் மகாராணிடி. என் பேரு எல்லாக் கடையிலும் இருக்கு" என்றாள். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் நானும் வாய்விட்டுச் சிரித்தேன், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

பேங்கில் முதலில் முடியாது என்றார்கள். கார்டு கொடுக்க ஏற்கெனவே பேர் வேண்டுமாம். பேர் வருவதற்குத்தானே கார்டு கேட்கிறேன் என்றேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு வேறு வழி சொன்னாள். என் பணத்தை அவர்களிடம் டெபாசிட் போட வேண்டும், அதன் பேரில் கார்டு தருவார்கள். என் பணத்தைக் கொடுத்துவிட்டு அதையே நான் கடனாக வாங்க வேண்டும். சேர்த்து வைத்திருந்ததைப் போட்டுவிட்டேன். முகவரிக்கு நெட்டையக்கா வீட்டைச் சொன்னேன். அந்தப் பெண்ணும் அதையேதான் எழுதினாள்.

கார்டு வரவேயில்லை. வந்தது உன் அப்பாதான்.

விட்டு வந்த பிறகு ஒருநாளும் வேலை இடத்துக்கு வராதவர். தானாகத் திரும்பிவிடுவேன் என்று இருந்தார் போல. சலவைக்கூடத்து வாசலில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, வாட்ச்மேனோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஒரு கவரைக் கையில் கொடுத்தார். "என்ன வேணும்னாலும் என்கிட்ட கேட்டிருக்கலாமே, நான் என்ன குறை வச்சேன்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் போனபிறகு வாட்ச்மேன், இவ்வளவு தன்மையான மனுஷனை விட்டுவிட்டு ஏன் தனியாகக் கஷ்டப்படுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். கவருக்குள் என் கார்டு இருந்தது, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி. அடையாள அட்டையில் பழைய முகவரி இருந்ததால் பேங்க் அங்கேயே அனுப்பியிருக்கிறது. ஒரு துண்டில் என் பெயரின் முதல் பாதி மட்டும் தெரிந்தது.

துண்டுகளை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்றார். "உடைஞ்சு போச்சு" என்றேன். கத்தரிக்கோல் வெட்டு அவருக்கும் தெரியாமலா இருக்கும்? பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா அம்மா என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. சலவைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி முகவரியை மாற்றினாள். புதுக் கார்டு பேங்குக்கே வரும்படி செய்து, அவள் கையாலேயே கொடுத்தாள்.

அதை வைத்து முதலில் பல் டாக்டரிடம் போனேன். கீழ்வரிசையில் எனக்கு ஒரு பல் பாதியாக இருப்பது உனக்குத் தெரியும், எப்படி ஆனது என்பதும் தெரியும். பக்கத்து அறையில்தான் நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். வேர் அழுகி, காது வரைக்கும் வலி. எப்படி உடைந்தது என்று டாக்டரம்மா கேட்டார். உடைஞ்சு போச்சு என்று வழக்கம்போல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "உடைஞ்சு போகலை டாக்டர். உடைச்சாரு" என்றேன். அந்த அம்மா விளக்கைத் தள்ளிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பல்லைப் பிடுங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது.

அதன் பிறகு மாதம் தவறாமல் கட்டினேன். அதுவரை நெட்டையக்காவின் சமையலறையில், பச்சைக்குழந்தை அழுகைக்கு நடுவே படுத்திருந்தேன். போன வாரம் தரகர் கூப்பிட்டு, "பேரு வந்துடுச்சும்மா" என்றார். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், வெளிச்சம் போதாது. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. உன் அப்பா உனக்குப் போன் செய்வார். பேசு, வேண்டாமென்று சொல்லவில்லை. தெருப் பெயரை மட்டும் சொல்லிவிடாதே.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாக ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது கழுத்தைச் சுற்றித் துணி போட்டிருந்தாய். அங்கே இப்போது நல்ல வெயில் காலம். என்னடி இது என்று நான் கேட்பதற்குள் மாப்பிள்ளை குனிந்து முகத்தைக் காட்டி, "அவளுக்கு ஏசி ஒத்துக்கலை அத்தை" என்றார். நீ தலையாட்டினாய்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. என்னை அப்படிக் கேட்டவர்களிடமெல்லாம் சிரித்து மழுப்பிவிட்டு, பிறகு அவர்கள் முகத்திலேயே விழிக்காமல் இருந்தவள் நான். நீ என்னிடம் அப்படி ஆகிவிடக் கூடாது.

உன் சம்பளம் யார் கணக்குக்குப் போகிறது? எனக்குப் பதில் எழுத வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும். உன் பேரில் மட்டும் ஒரு கார்டு வாங்கு. படித்தவள், நல்ல வேலையில் இருக்கிறாய், நான் பட்ட பாடு உனக்கு வராது. ஆபீஸ் முகவரி கொடு. அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறது என்று முதலில் பார். நேரில் போய்க் கையில் வாங்கு. வீட்டில் வைக்காதே.

இங்கே கட்டில் ஒன்றுதான். எனக்குத் தரைதான் பழக்கம். எந்த நேரத்தில் வந்து நின்றாலும் ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், என் தங்கமே. கீழே முகவரி எழுதியிருக்கிறேன். மனப்பாடம் ஆகும்வரை படி. பிறகு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ.

உன் அம்மா