சர்வரில் என் பெயர்

செவ்வாய், இரவு

சனிக்கிழமை மதியம் நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் ஆபீஸிலிருந்து குந்தாரப்பள்ளி ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய டிராயிங் போயிருக்கிறது. அதன்படி செய்த பார்ட்ஸ் எல்லாம் வீண். யார் எந்த ஃபைலை எப்போது அனுப்பினார்கள் என்பது புது சர்வரில் பதிவாகிவிடும். யாராலும் அழிக்க முடியாது.

"உன் பேர்தாம்மா இருக்குது. நீதான் அனுப்புனியா?" என்று இன்று காலை கேட்டார் மேனேஜர்.

அவசரத்துக்கு என்று முன்பே என் பாஸ்வேர்டை உடன் வேலை செய்யும் லட்சுமிக்குக் கொடுத்திருந்தேன். பக்கத்து சீட்டில் அவள் தலை நிமிரவில்லை. அடுத்த மாதம் அவளைப் பெர்மனன்ட் ஆக்குவதாகப் பேச்சு.

"ஆமா சார்" என்றேன்.

மாலையில் பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தேன்.

"நீ போட்டுக்க அக்கா, நான் பாக்கல" என்று லட்சுமி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் கேட்டபோது வராத கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது.