நாற்பதைத் தாண்டாதவன்

உன் அக்கா மகள் நேற்று புது ஸ்கூட்டர் எடுத்து வந்தாள். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதும் அந்த வாசனை என்னை அறைந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நம் நான்கு பைக்குக்கும் பழம் வைத்தவன் நீ.

பங்குனி மாசம். ஏலகிரிக்குப் புறப்பட்டோம். வேகத்தில் நாற்பதைத் தாண்டாத உனக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டவண்டி. நாம் சிலை செதுக்கிய மாமல்லபுரத்துக் கல் பட்டறையிலும் நீ அப்படித்தான். நாங்கள் இரண்டு பிள்ளையார் முடிப்பதற்குள் நீ ஒரு தும்பிக்கையைத் தடவிக்கொண்டிருப்பாய். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மூன்று முறை உனக்காக நின்றோம். நீயோ ஹெல்மெட்டைக் கழற்றி எங்களுக்கே சட்டம் போட்டாய்: "பின்னால வர்றவன் கண்ணாடில தெரியலன்னா முன்னால போறவன் நிக்கணும் மச்சான்." உனக்கு முன்னால் போனவன் நான்.

மலைப்பாதையில் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் நீ ஹாரன் அடித்து, கை காட்டி, புதுப்பெண் மாதிரி திரும்பினாய். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "டேய், ஒளிஞ்சிக்கலாம்டா. இன்னா பண்றான்னு பாக்கலாம்." சொன்னது நான்தான், வேலு இல்லை, வேறு யாரும் இல்லை. மூன்று வண்டிகளையும் பாறைக்குப் பின்னால் நிறுத்தினோம்.

எங்களைக் காணாமல் நீ வண்டியை நிறுத்தினாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். இறங்கி வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தாய். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்புறம் வண்டியை முறுக்கினாய் பார், உன்னிடம் அப்படி ஒரு வேகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. "கட்டவண்டிக்கு ரெக்க மொளச்சிச்சிடா!" என்று வேலு கைதட்டினான். அடுத்த வளைவில் மேலிருந்து லாரி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று பேரும் பேசி ஒரே கதையாக்கினோம். உன் அம்மாவிடம் சொன்னவனும் நான்தான். "ரேஸ் வுட்டான்மா. எவ்ளோ சொல்லியும் கேக்கல." செத்தவன் மறுத்துப் பேச மாட்டான், அது எவ்வளவு வசதி தெரியுமா? அன்றிலிருந்து உன் வீட்டில் நான் நல்ல பிள்ளை. உனக்குப் படையல் போடும் நாளில் முதல் இலை எனக்கு.

நேற்றும் உன் வீட்டு வாசலில் எனக்குத்தான் முதல் காபி. "ஒம் மாமன் மாதிரி பறந்து செத்துடாத" என்று உன் அம்மா அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெய்யாலுமே அவ்ளோ வேகமா போவாரா மாமா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. டம்ளர் சூடாக இருந்தது.

"ஆமாம்மா. சொன்னா கேக்கவே மாட்டான்."

அவள் வண்டியை எடுத்தாள். முனையில் ஹாரன் அடித்து, கை காட்டி, நின்று நிதானமாகத் திரும்பினாள். உன் அம்மா பெருமூச்சு விட்டாள். "நல்லவேள நைனா, மாமன் மாதிரி இல்ல."

நான் தலையாட்டினேன். இன்னும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்டா.