ஆடிக் காற்றில் கேட்ட பூ

அம்மிணி,

முந்தாநாள் களத்துமேட்டில் காலில் ஆணி ஏறிவிட்டது. சாணியும் மஞ்சளும் வைத்துக் கட்டினால் போதும் என்று நாலு பேர் சொன்னார்கள். உன்னோடு பழகிய தோஷம், எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்று காலை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்க்கும்படி பெஞ்சில் குப்புறப் படுத்தேன். நர்சம்மா பஞ்சை நனைத்து ஒற்றினாள். அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் ஊசியே போடலீங்களே" என்றாள் அவள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோவிந்தாபுரம் சந்தை வரைக்கும் இந்நேரம் சேதி போயிருக்கும். போகட்டும். ஊசிக்கு அழுதவன் என்ற பெயரோடு இருந்துவிடுகிறேன். உனக்காக அழுதேன் என்று சொன்னால் நம் ஜனங்களுக்குப் புரியாது.

குமுளியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் உன்மேல் அந்த வாசனைதான் அடிக்கும். நம் பெண்டுகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மாட்டுக் கொட்டகையில் விடிய விடிய நிற்கிற மூக்குகள்.

என் சித்தப்பன் மகள் நீ. பதினைந்து வயதில் உனக்குக் கல்யாணம் செய்தார்கள். இரண்டு வருஷத்தில் உன் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். புகுந்த வீட்டார் உன்னை வண்டியேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கூடவே கொடுத்த வெண்கலப் பாத்திரங்களை அனுப்ப மட்டும் மறந்துபோனார்கள். மூலையில் உட்காருவாய் என்று எதிர்பார்த்தார்கள். நீ கோயமுத்தூரில் நர்ஸ் வேலை படித்து, குமுளி மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாய். வெள்ளைச் சேலையோடு நீ பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இது தாலியறுத்த வெள்ளையா, உத்தியோக வெள்ளையா என்று ஊராருக்குப் பெரிய குழப்பம். முதலாவதென்றால் எதிரே வரக்கூடாது. இரண்டாவதென்றால் எழுந்து நிற்கவேண்டும். பாதி எழுந்து பாதி உட்கார்ந்தபடி சிலர் தவித்ததை நான் ரசித்திருக்கிறேன்.

உன்கூட வேலை பார்த்த டாக்டரம்மா மலாயாவுக்குப் போனார். அங்கே ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உனக்கு இடம் இருப்பதாகவும், காகிதமெல்லாம் தாமே பார்த்துக்கொள்வதாகவும், ஆவணிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் போதும் என்றும் சொல்லியனுப்பினார். நம் பாலக்காட்டுப் பக்கத்தை மலபார் ஜில்லா என்று சொல்லிக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. உனக்கு இருபத்தைந்து இருக்கும். யாரிடமும் சொல்லாமல் நீ போயிருக்கலாம். போகமாட்டேன் என்றாய். "அம்மா இந்த ஊர்லதானுங்கண்ணா இருக்கோணும். நான் ஓடிப்போனேன்னு அவங்களை யாரும் சொல்லப்படாது" என்றாய். அதனால்தான் நம் அப்பாக்களுக்கு மூத்தவரான பெரியப்பாவிடம் போய் நின்றாய். உன் அப்பா இல்லாத வீட்டுக்கு அவர்தானே எஜமான்.

பெரியப்பா வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். கெட்ட பெயர் வரும் வேலைகளையெல்லாம் அவர் மாகாளியாத்தாளிடம் தள்ளிவிடுவார். "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம் அம்மிணி" என்றார்.

பூக் கேட்பது நம் வழக்கம்தான். ஆத்தாளின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டிவைப்பார்கள். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது தோள் பூ விழுந்தால் வேண்டாம். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, பங்கு பிரிப்பது எல்லாம் இப்படித்தான். தெய்வ காரியம், நான் பழிக்கவில்லை. ஆனால் நம் ஆத்தாள் இருப்பது வடக்குப் பார்த்த மேடை. நாலு கல்தூணும் மேலே ஓடும் தவிரச் சுவர் என்று ஒன்று கிடையாது. அவளுக்கு வலது கிழக்கு, இடது மேற்கு. நம் பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்பது உனக்குத் தெரியாததா? மார்கழி, தையில் கிழக்கேயிருந்து. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து, ஆளையே தள்ளும். காற்றுப் படுகிற பக்கத்துப் பூ முதலில் ஈரம் இழந்து விழும். அவ்வளவுதான் சங்கதி. மார்கழியில் கேட்டவனுக்கு ஆத்தாள் மறுத்ததில்லை. ஆடியில் கேட்டவனுக்குக் கொடுத்ததில்லை.

இது நம் ஆட்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நெல் தூற்றுகிறவர்கள் அம்மிணி இவர்கள். களத்தில் முறத்தைத் தூக்குமுன் ஒரு பிடி பதரைத் தூவி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கேற்ப நிற்கிறவர்கள். அந்த அறிவைக் களத்திலேயே கழற்றி வைத்துவிட்டுக் கோயிலுக்கு வருவார்கள்.

உன் தம்பி சிங்கப்பூர் போனது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்து வாத்தியார்களெல்லாம் சேர்ந்து விரட்டிய பிள்ளை. துணிக்கடையில் வேலை என்று யாரோ கூப்பிட்டார்கள். பெரியப்பா மார்கழி பிறக்கும்வரை காத்திருந்து பூக் கேட்டார். தேங்காய் உடைத்த சத்தம் அடங்குவதற்குள் வலது பூ விழுந்தது. பையன் போனான், வருஷம் திரும்புவதற்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்து சேர்ந்தான். அதற்காக யாரும் ஆத்தாளைக் கேள்வி கேட்கவில்லை. நீயோ சித்திரையிலேயே வந்து கேட்டாய். "ஆடி வெள்ளி வரட்டும், ஆத்தாளுக்கு உகந்த நாளு" என்றார். முகத்தில் அத்தனை பக்தி. எனக்கு அப்போதே சங்கதி புரிந்தது. உனக்கும் புரிந்தது. நீ தலையை மட்டும் ஆட்டினாய்.

அந்த வெள்ளிக்கிழமை, முந்தின நாளே கிளம்பி, கம்பம், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து நேரே கோயிலில்தான் இறங்கினாய். ஒரு கையில் பெட்டி, மறுகையில் உங்கள் மலை மழைக்கென்று வாங்கிய பெரிய கறுப்புக் குடை. சாதிசனம் எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள். உன்னைக் கடைசியில், பெண்டுகளுக்கும் பின்னால் நிற்கச் சொன்னார்கள். காற்று வேட்டியை அவிழ்க்கிற மாதிரி அடித்தது. என் வேட்டியைப் பற்றிய நிஜம் அது. ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சாமி கும்பிட்டேன். பூசாரி இரண்டு பூவையும் ஒட்டிவிட்டு விலகினார்.

நீ நடந்து போனாய். மேடைக்கு மேற்கே, ஆத்தாளின் இடது பக்கம் நின்றாய். குடையை விரித்துக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாய்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"குடையை மடக்கு அம்மிணி. ஆத்தா முன்னால குடை புடிக்கறதா?"

"ஆத்தாளுக்குத்தானுங்க பெரியப்பா புடிக்கறேன். சாரல் அடிக்குதுங்க."

அவர் பல்லைக் கடித்தார். பூசாரி, பாவம், சூது தெரியாத மனுசன், நிஜமான கவலையோடு சொன்னார்: "காத்தை மறைச்சுப்போட்டா பூ எப்படிங்க அம்மிணி உழுகும்?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. நீ சிரிக்கவில்லை. பூசாரியிடம் மரியாதையாகத்தான் கேட்டாய்.

"அப்பப் பூக் குடுக்கறது ஆத்தாளுங்களா, காத்துங்களா?"

அதன்பிறகு யாரும் குடையைப் பிடுங்க வரவில்லை. பிடுங்கினால் காற்றுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. உச்சி வெயில் வந்தது, சாய்ந்தது. மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கிட்டே வந்தேன். கண்ணாலேயே வேண்டாம் என்றாய். நான் பிடித்திருந்தால் காற்றில் குடையோடு நானும் போயிருப்பேன் என்பது வேறு விஷயம். விளக்கு வைக்கும் நேரம்வரை இரண்டு பூவும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பெரியப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஆத்தா பேச மாட்டீங்கறா. வேண்டாம்னுதான் அர்த்தம். போய் வேலையைப் பாருங்க" என்றார்.

குடையை மடக்கினாய். அவசரமே இல்லாமல் பட்டையைச் சுற்றிக் கட்டினாய்.

"எனக்குக் கல்யாணம் பேசறப்ப நான் வாயே தொறக்கலீங்க பெரியப்பா. பேசாம இருந்தாச் சம்மதம்னுதானுங்க நீங்க சொன்னீங்க. ஆத்தாளும் பொம்பளைதானுங்களே. நான் போய்ட்டு வாரனுங்க."

உன் அம்மாவான சித்தியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். பஸ் நிறுத்தம்வரை உன் பெட்டியை நான் தூக்கிவந்தேன். வழியில் மூன்று இடத்தில் இறக்கிவைத்தேன். வாங்கிக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டதை இங்கே எழுதத்தான் வேண்டுமா? பஸ் ஏறியபிறகு ஜன்னல் வழியாக ஒன்று சொன்னாய். "எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா. ஆனா இங்க இருக்கறதுக்கு இதைவிடப் பயமா இருக்குது." நம் ஊரில் அன்றுவரை யாரும் அவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை.

நீ கப்பலேறிய சேதி வந்ததும் பெரியப்பா உனக்குத் தலைமுழுகினார். சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற தலைமுழுக்கு இல்லை. பங்காளிகளை வரவழைத்து, வாய்க்காலில் முங்கி எழுந்து, இழவு வீட்டுச் சாப்பாடு போட்டார். கடல் நடுவில் நீ உயிரோடு வாந்தியெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே உனக்குக் கருமாதி நடந்தது. அந்தப் பந்தியில் நான் உட்காரவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு எனக்கு வயிற்றுப்போக்கு. ஆனால் ஊரில் வீரம் என்றே பேச்சு, நானும் மறுக்கவில்லை. சித்தி வாசலுக்கே வரவில்லை. செத்தவள் மலாயாவிலிருந்து அனுப்பிய தைலப் புட்டிகள் வந்து சேர்ந்தபோது, பெரியப்பா முழங்காலில் அரைமணி நேரம் தேய்த்துக்கொண்டு, சுகமாக இருக்கிறது என்றார். செத்துப்போனவர்களின் தைலத்துக்குத் தீட்டு இல்லையாம்.

போன தையில் டாக்டரம்மாவின் கடிதம் வந்தது. வார்டில் காய்ச்சல் பரவியதென்றும், நீ விடுப்பு எடுக்க மறுத்து நின்றாயென்றும், அதே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்றென்றும் எழுதியிருந்தார். நான்தான் சித்திக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் அழுது முடித்து, முறைப்படி உனக்கு ஒரு கருமாதி செய்துவிடலாம் என்று பெரியப்பா வீட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன்.

"ஒரு ஆளுக்கு ரெண்டுவாட்டி தலைமுழுகற வழக்கம் நம்ம சாதியில இல்லை" என்றார் பெரியப்பா. பிறகு, கேட்காமலேயே ஒன்று சேர்த்தார்: "போனா, செத்தா. நான் அப்பவே சொன்னேன்."

அம்மிணி, உன் புருஷன் இங்கேதான் செத்தான். நம் ஊர்க் காய்ச்சலில், சொந்தக் கட்டிலில், குலதெய்வத்துக்குக் கூப்பிடு தூரத்தில். அன்றைக்கு யாராவது உள்ளூரில் இருந்தான், செத்தான் என்று சொன்னார்களா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். என் குரல் கடைசியில் கீச்சென்று போய்விட்டது. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான், உனக்குத் தெரியும். ஆனால் கேட்டேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

சித்திதான் என் தோளைத் தொட்டார்கள். "உடு சாமி. இவங்க செய்ய வேண்டாம். உசுரோட இருந்தப்பவே அவளைச் சாகடிச்சவங்க, செத்ததுக்கு அப்புறம் தொடப்படாது." அத்தோடு எழுந்து வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் சித்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். அடுத்த குடம் எனக்கு. வேறு யாரும் இல்லை. உன் தம்பிகூடப் பெரியப்பாவுக்குப் பயந்து எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது உன் பெயரை வைத்து இங்கே பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். போன வாரம் வடக்குத் தோட்டத்துக்காரர் தம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாத்தியார் படிப்புப் படித்த பெண். ஆப்பிரிக்காவில் அபிசீனியா தேசத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நம் பக்கத்து ஆட்களை எடுக்கிறார்களாம். இவளுக்கும் போக ஆசை. "நீங்களே சொல்லுங்கோ, உங்க தங்கச்சி போயி என்ன ஆனாங்கன்னு" என்று என்னைத் தூண்டினார். வாயாடியான எனக்கு ஊரில் கிடைத்த முதல் மரியாதை அது.

சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். செத்துப்போனாள் என்று சொன்னேன். அதற்கு முன்னால் அவளுக்கு அங்கே சொந்தமாக ஒரு அறை இருந்தது, அதன் சாவி அவள் இடுப்பில் இருந்தது என்றேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் விடக் கற்றுக்கொண்டாள், சீனப் பெண் ஒருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள் என்றேன். அவள் எதிரே வந்தால் யாரும் திரும்பிப் போகவில்லை, காய்ச்சல்காரர்கள் அவள் வருகிற நேரம் பார்த்துக் கிடந்தார்கள் என்றேன். நீ எழுதியவைதான், ஒன்றும் கூட்டவில்லை. வழக்கமாகக் கூட்டுவேன், உன் விஷயத்தில் தேவைப்படவில்லை.

தோட்டத்துக்காரர் பாதியிலேயே எழுந்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வாசலில் நின்று செருப்பைத் தேடினார். அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்குக் கேட்காதபடி குனிந்து என்னிடம் கேட்டாள்:

"கப்பல்ல குளிருமுங்களா? கம்பளி எடுத்துக்கோணுமா?"